மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது, நோய் கட்டுக்குள் வந்ததா?

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பல ஆண்டுகளாகவே இலவசம்தான். ஆனாலும் அந்த இலவசத்துக்கு ஒரு விலை இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், சீட்டு போட்டு, ரத்தம் கொடுத்து, வரிசையில் நின்று மாத்திரை வாங்கித் திரும்பினால் காலைப்பொழுது போய்விடும். நடவுக்கோ சித்தாள் வேலைக்கோ போகும் பெண்ணுக்கு, காலைப்பொழுது போனால் அன்றைய கூலியே போனதாகத்தான் கணக்கு. வலியே இல்லாத ஒரு நோய்க்காக மாதாமாதம் கூலியை விட யாருக்கு மனம் வரும்? மாத்திரை தீர்ந்ததும் பலர் அப்படியே விட்டுவிடுவார்கள். காலில் ஆறாத புண் வந்தபோதோ, ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டபோதோதான் மறுபடி வருவார்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த விலையைத்தான் ஒழிக்க முயன்றது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு வீடாகப் போகிறார். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார், ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரை தருகிறார். படுக்கையில் கிடப்பவர்களைத் தேடி இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வருகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் வீட்டுக்கே வருகின்றன.

இந்தத் திட்டம் வெறும் மண்ணில் முளைத்ததல்ல. மருந்து கொள்முதலை ஒழுங்குக்குக் கொண்டுவந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இலேயே அமைந்துவிட்டது. கிராமத்தின் கடைசி வீடு வரை மாத்திரையைக் கொண்டுபோக, கிடங்கில் மாத்திரை இருந்தாக வேண்டும். அதை அந்தக் கழகம் உறுதிசெய்தது. ரத்த அழுத்த நோயாளிகளைக் கண்டறிந்து தொடர் சிகிச்சை தரும் முன்னோட்டத் திட்டமும் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் முன்பே நடந்திருந்தது. இத்தனை காலச் சேமிப்பின் மேல் நின்றதால்தான் ஒரு மாநிலம் முழுவதற்கும் இவ்வளவு விரைவாக இதை எடுத்துச்செல்ல முடிந்தது. 2024-இல் தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐ.நா. முகமைகளின் பணிக்குழு இதற்கு விருது வழங்கியது. தகுதியான விருதுதான். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஒருவரை ஆட்டோவில் ஏற்றி, இறக்கி, சக்கர நாற்காலி தேடி அலைந்த குடும்பத்துக்கு, வீட்டுக்கே வந்து கைகாலை அசைக்கப் பழக்கும் ஒருவர் எத்தகைய ஆறுதல் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் மனமாரச் சொன்ன பிறகுதான் கேள்விக்கு வர வேண்டும். இந்தத் திட்டத்தைப் பற்றிய அறிவிப்புகளில் முன்னே நிற்பது பயனாளிகளின் எண்ணிக்கை. 2022 முடிவதற்குள் ஒரு கோடியாவது பயனாளிக்குத் திருச்சி மாவட்டத்தில் மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது. ஆனால் ஒருவர் வீட்டுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது என்பது ஒரு செய்தி, அவருடைய சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்பது வேறொரு செய்தி. இரண்டாவதைச் சொல்லும் கணக்கும் அரசிடம் இருக்கிறது. 2020-இல் நடந்த மாநில ஆய்வின்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். 2023-24-இல் மீண்டும் பார்த்தபோது அவை முறையே 17, 16.7 என உயர்ந்திருந்தன. சில ஆண்டுகளில் ரத்த அழுத்தக் கட்டுப்பாடு இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருப்பது பெரிய காரியம். அப்படியும் நோயாளிகளில் ஆறில் ஐந்து பேருக்கு நோய் இன்னும் கட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. இந்த ஐந்து பேரில் நோய் இருப்பதே தெரியாதவர்கள் உண்டு, தெரிந்தும் சிகிச்சைக்கு வராதவர்கள் உண்டு. என்னை அதிகம் உறுத்துவது மூன்றாம் வகையினர்: மாத்திரை வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள், அளவு மட்டும் இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை? ஒரு காரணம் நடைமுறையில் இருக்கிறது. தன்னார்வலர் பார்க்கும்போது ரத்த அழுத்தம் 160-க்கு மேல் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் குறித்துக்கொள்ளலாம், டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லலாம். மாத்திரையின் அளவைக் கூட்டவோ மாற்றவோ அவருக்கு அதிகாரமில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் கூலி போகிறது என்றுதானே அந்த நோயாளி வராமல் இருந்தார்? இப்போது மாத்திரையும் வீட்டுக்கே வந்துவிடுகிறது. இனி டாக்டரிடம் போக அவருக்கு என்ன அவசரம்? என்றோ எழுதிய அதே மாத்திரை, அதே அளவில், மாதக்கணக்கில் தொடர்கிறது. இந்தத் திட்டத்தின் பலம் எதுவோ அதிலேயேதான் பலவீனமும் ஒளிந்திருக்கிறது. அளந்து பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் அந்த நேரத்துச் சர்க்கரையை மட்டுமே காட்டும். அக்கா நாளைக்கு வருவார் என்று தெரிந்து முந்தைய இரவு ஒரு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறவர்களை நம் வீடுகளிலேயே பார்க்கலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

இன்னொரு காரணம் பேச்சுக்குள் இருக்கிறது, பேசாததற்குள்ளும் இருக்கிறது. “மாத்திரையா சாப்பிட்டா கிட்னி போயிடும்” என்ற பயம் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். அதைவிட வேதனை, இப்படிப் பயந்து பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறவரே மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவார். அதுதான் உண்மையிலேயே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. “சுகர் நார்மலாயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்” என்பது நாம் அடிக்கடி கேட்கும் இன்னொரு பேச்சு. மாத்திரையால்தான் நார்மல் ஆனது என்பதைப் பொறுமையாக எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீளும் வரிசையை வைத்துக்கொண்டு மருத்துவரால் அது முடிவதில்லை. உள்ளூர்க்காரரான தன்னார்வலரால் முடியும். ஆனால் அவருடைய வேலை எத்தனை வீடு, எத்தனை அளவு, எத்தனை பதிவு என்று எண்ணப்படுகிறதே ஒழிய, எத்தனை பேரிடம் உட்கார்ந்து பேசினார் என்று எண்ணப்படுவதில்லை.

பகலில் வீட்டில் இல்லாத ஆண்கள் விடுபடுகிறார்கள் என்பதை அரசே உணர்ந்து, 2024 ஜனவரியில் தொழிலாளரைத் தேடித் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கியது நல்லது. கட்டடத் தொழிலாளியும் லாரி ஓட்டுநரும் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். வீடு தேடி வருவதே தடையாகும் இடமும் உண்டு. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞன், சுகர் இருப்பது தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று கதவைச் சாத்திக்கொள்வான். உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோற்றைக் குறையுங்கள் என்று சொல்லும் அதே அரசின் ரேஷன் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அரிசி. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். சரியான திசையில் வைத்த சிறிய அடி.

மாற்ற வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. பயனாளிகளின் மொத்த எண்ணிக்கையை அறிவிப்பதைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு வட்டாரத்திலும் எத்தனை பேருக்கு நோய் கட்டுக்குள் இருக்கிறது என்பதைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடலாம். தொடர்ந்து இரண்டு முறை அளவு கூடியிருந்தால், தன்னார்வலர் அங்கிருந்தே மருத்துவரோடு தொலைபேசியில் இணைத்து, அன்றே மாத்திரையை மாற்றித்தர ஒரு முறை வேண்டும். நடமாட முடிந்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரைப் பார்க்க, மாலை நேரத்தில் புறநோயாளிப் பிரிவு வேண்டும். இவை அனைத்தும் அந்தப் பெண் தன்னார்வலரின் தோள் மேல்தான் ஏறும். தொடக்கத்தில் அவருக்குத் தரப்பட்டது மாதம் 4,500 ரூபாய், அதுவும் ஊக்கத்தொகை என்ற பெயரில். பின்னர் கூட்டியிருந்தாலும் அது சம்பளம் ஆகிவிடவில்லை. அவரைத் தன்னார்வலர் என்று அழைப்பதை நிறுத்தி, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளராக ஏற்று, மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் தருவதிலிருந்து இந்த வேலையைத் தொடங்கலாம்.