ராமசாமியும் ஸ்பீடி கொன்சாலெசும்

1955 இல் வோர்னர் பிரதர்ஸ் வெளியிட்டு ஒஸ்கார் பரிசு பெற்ற 'ஸ்பீடி கொன்சாலெஸ்' என்ற சிறுவர் சித்திரப்படம் பசியிலே தொடங்குகின்றது. எல்லை வேலிக்கு அப்பாலுள்ள பாற்கட்டித் தொழிற்சாலையை மெக்சிக்கோ எலிகள் ஏக்கத்துடன் நோக்குகின்றன. அங்கே பூனை காவல். பிழைப்புக்காக எல்லை கடப்போரின் கதையே இது. ஆயின் அகன்ற தொப்பியும் கொச்சை ஆங்கிலமும் அப்பசியை நகைப்புக்குரியதாக்கிவிடுகின்றன. தொடர்ந்து வந்த படங்களிலோ, நாயகனது வேகம் அவன் இனத்தாரின் சோம்பலைப் பின்னணியாகக் கொண்டே வியக்கப்படுகின்றது.

கொஸ்லந்தைத் தோட்ட லயங்களிலிருந்து நோக்குமிடத்து இக்கதை நமக்கு அந்நியமன்று. பசியால் உந்தப்பட்டுக் கடல் கடந்து மலையேறிய தென்னிந்தியத் தொழிலாளருக்கு ஆங்கிலேயர் வழங்கிய பொதுப்பெயர் 'ராமசாமி'. 1886 இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' அகராதி இச்சொல்லுக்கு இரு பொருள் தருகின்றது. ஒன்று, இந்துக்களுக்கு, சிறப்பாக இலங்கை முதலிய இடங்களின் இந்தியக் கூலிகளுக்கு, உரிய பொதுப்பெயர். மற்றது, சுருட்டுப் பற்றவைக்கும் பஞ்சுத்திரி. துரைத்தனத்தின் மனநிலைக்கு இதனினும் சிறந்த உரை வேறில்லை.

1999 இல் கார்ட்டூன் நெட்வேர்க் ஸ்பீடி படங்களை நிறுத்தியது. அவற்றை மீட்டுத் தருமாறு கேட்டோருள் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் இருந்தனர். 2002 இல் படங்கள் திரும்பின. இதனை அடிமை மனப்பான்மையென ஒதுக்குதல் எளிது. ஆனால் ஸ்பீடி வெல்கின்றான், பூனை தோற்கின்றது. இழிவான வார்ப்பினுள்ளும் ஒரு வெற்றியை அவர்கள் கண்டனர்.

மலையகச் சிறுவனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. தேயிலைப் பெட்டியிற் கூடை சுமந்து புன்னகைக்கும் பெண். 'தோட்டக்காட்டான்' என்ற வசையில் வாழும் மூடன். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையை மண் மூடியபின் செய்திப்படங்களில் அழுதுநின்ற முகங்கள். இம்மூன்றிலும் அவனது சனங்கள் பார்க்கப்படுவோரேயன்றிக் காரியம் ஆற்றுவோர் அல்லர். அவ்வசை தமிழ்ச்சொல் என்பதும், அதனை வழங்கியோருள் கற்ற தமிழரும் உளர் என்பதும் இச்சஞ்சிகையின் வாசகர் அறியாததன்று.

ஆகவே பிறர் தீட்டிய படத்தைத் தடைசெய்யக் கோருவதுடன் முற்போக்கு விமர்சனம் அமைதியுறலாகாது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மாந்தரை இலக்கியத்துக்கு உரியோராக்கினார். 1970 இல் வெளிவந்த 'போர்ன் டு லேபர்' அதற்குச் சான்று. அது வளர்ந்தோர்க்கான ஆங்கில நூல். லயத்துப் பிள்ளையொன்று கங்காணியை ஏய்த்து வெல்லும் சித்திரப்படத்தை, அப்பிள்ளையின் பேச்சுத் தமிழிலேயே, வரையப்போவது யார்?