பாதையை அழித்த பச்சை

வெளியூருக்குப் படம் போடக் கிளம்பும்போதெல்லாம் கொரட்டூர் வீட்டில் முதல் நாள் ராத்திரியே பை கட்டிவிடுவேன். அட்டை, கிளிப், நீர்வண்ணக் குழாய்கள், மூன்று தூரிகை, தண்ணீர் பாட்டில், குடை, துண்டு. தெரியாத ஊர், அங்கே எதுவும் கிடைக்காது என்கிற பயம். இத்தனைக்கும் முன்பே பையில் இன்னொன்று ஏறி உட்கார்ந்துவிடுகிறது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: அங்கே எதைப் பார்க்கப் போகிறேன் என்கிற முடிவு.

இந்தத் தயாரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792-இல் மதராசிலிருந்து கிளம்பினார்கள். கார்ன்வாலிஸின் படை போன தடத்தைப் பிடித்துக்கொண்டு மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். தெற்கே கன்னியாகுமரி வரை போனார்கள். கூடவே கேமரா ஆப்ஸ்க்யூரா, அதாவது எதிரே உள்ள காட்சியைத் தாள்மேல் விழவைக்கும் இருட்டுப்பெட்டி. கோடு பிசகாது. ஆனால் பெட்டியை எங்கே வைப்பது என்பதைப் பெட்டியா முடிவு செய்தது? போர்ச் செய்தியில் பெயர் கேட்ட கோட்டைகளைப் படமாகப் பார்க்க மதராஸ் வெள்ளைக்காரர்கள் காத்திருந்தார்கள். 1793-இல் படங்கள் அங்கேயே குலுக்கல் சீட்டில் விலைபோயின. முன்னால் நிழல், நடுவே வெளிச்சம், ஓரத்தில் ஒரு மரம் என்கிற ஆங்கில நிலக்காட்சி இலக்கணமும் அவர்களோடு கப்பலேறி வந்ததுதான்.

டேனியல்களைத் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. ஜவ்வாது மலையில் ஒரு சரிவை வரைந்துகொண்டிருந்தேன். ஆடு மேய்க்க வந்த பெரியவர் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "மலை வந்திருக்கு, மரம் வந்திருக்கு. நாங்க தண்ணிக்குப் போற பாதை எங்கப்பா?" என்றார். பாதை எதிரே இருந்தது. பச்சையை இரண்டாகக் கிழிக்கிறதே என்று நான்தான் மூடியிருந்தேன். எனக்கு இடைஞ்சலாய்த் தெரிந்த செம்மண் கோட்டில்தான் அந்த ஊர் தினமும் நடக்கிறது.

திணைக் கோட்பாடும் முன்கூட்டியே வகுத்த சட்டகம்தான். அதைப் பழம்பெருமையாகத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டியதில்லை. ஆனாலும் அதன் கருப்பொருள் பட்டியலில் மரத்தோடும் பறவையோடும் உணவும் தொழிலும் பறையும் இருக்கின்றன. பிழைப்பைக் கழித்துவிட்ட நிலம் அங்கே நிலமாவதில்லை.

என் வீட்டுப் பக்கமே இதைச் சோதித்துப் பார்த்தேன். நண்பர்கள் நாலு பேரைக் கொரட்டூர் ஏரிக்கரையில் உட்காரவைத்தேன். இதே ஏரியில் ஆலைக் கழிவும் சாக்கடையும் கலப்பதை எதிர்த்து இங்கே குடியிருப்பவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனவர்கள். நாலு படத்திலும் நீர், வானம், கொக்கு. கழிவு வருகிற கால்வாய் ஒன்றில்கூட இல்லை. அப்படியென்றால் வெளியூர்க்காரனாக இருப்பதற்கு ரயில் ஏற வேண்டியதே இல்லை.

ஆகவே தயாரிப்பு என்பதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் பையைத் திறப்பதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்த வழியில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு சுற்றுகிறேன். மறுநாள் வரைந்ததை அங்கேயே காட்டுகிறேன். படம் சில சமயம் கெட்டுப்போகிறது, கெட்டுத்தான் போகட்டும். இது ஓவியத்தைச் சமூகவியல் ஆக்குகிற வேலை என்று சொல்லும் நண்பர்கள் எழுதட்டும், விவாதிக்கலாம்.