200 கிராம் பொடியும் ஒரு மரமும்

2024 அக்டோபரில் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பெர்க்லியில் ஓமர் யாகியின் குழு செய்த சிஓஎஃப்-999 என்ற மஞ்சள் நிறப் பொடியைப் பற்றியது. சாதாரண வெளிக்காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும், 60 டிகிரி சூட்டிலேயே அதை விட்டுவிடும் என்பது சேதி. கட்டுரையோடு வெளியான பல்கலைக்கழகக் குறிப்பில் ஒரு ஒப்பீடு இருந்தது: 200 கிராம் பொடி வருஷத்துக்கு 20 கிலோ கரியமில வாயுவை இழுக்கும், அதாவது ஒரு மரம் செய்கிற வேலை. செய்திகள் எல்லாம் அந்த ஒரு வரியைத்தான் தூக்கிக்கொண்டு ஓடின. நானும் முதலில் அதைப் படித்துத்தான் அசந்துபோனேன். அப்புறம் ஒரு பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் நியாயமாகப் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடலாம். இந்தத் துறையின் பழைய வழி, துளைகள் நிறைந்த சிலிக்கா மாதிரி ஒரு பொருளில் பாலிஎதிலீன்இமைன் என்ற அமீன் பிசினை ஊற வைப்பது. அது வேலை செய்யும், ஆனால் நாளாக ஆக அமீன் கசியும், ஆக்சிஜன் பட்டு கெடும். சிஓஎஃப்-999இல் அமீன் வெறுமனே ஊறிக் கிடக்கவில்லை, சட்டகத்தோடு வேதிப்பிணைப்பில் கட்டப்பட்டிருக்கிறது. சட்டகமும் கார்பன்-கார்பன் பிணைப்பால் ஆனது, தண்ணீருக்கும் காரத்துக்கும் அசைந்து கொடுக்காது. குறைந்த சூட்டில் வாயுவை விட்டுவிடுவதால் ஆக்சிஜனால் கெடும் வேகமும் குறையும். வேதியியலாக இது உண்மையிலேயே நல்ல வேலை. என் சண்டை பொடியோடு இல்லை, மரத்தோடு.

சரி, கணக்கு. 50 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கிராம் பொடி சுமார் 2 மில்லிமோல், அதாவது 90 மில்லிகிராம் வாயுவைப் பிடிக்கிறது. அப்படியானால் 200 கிராம் பொடி ஒரு தடவைக்கு 18 கிராம் பிடிக்கும். 20 கிலோ வேண்டுமென்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,100 தடவை நிரப்பிக் காலி செய்யணும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. கட்டுரையில் காட்டியது 100 சுற்று, இருபது நாள் சொச்சம். அந்த நூறில் திறன் குறையவில்லை என்கிறார்கள். நம்புகிறேன். ஆனால் நூறு சுற்று என்பது ஒரு வருஷத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இது குருட்டுச் சந்தேகம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் 0.02 சதவீதம் மட்டும் திறன் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு சுற்றில் மொத்த இழப்பு 2 சதவீதம். வரைபடத்தில் அது நேர்கோடு மாதிரிதான் தெரியும், அளவீட்டுப் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். அதே வேகத்தில் ஒரு வருஷம் ஓட்டினால் 20 சதவீதம் போயிருக்கும், மூன்று வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி. பிடித்த ஒவ்வொரு டன்னின் விலையிலும் பொடியை மாற்றுகிற செலவு ஒளிந்திருக்கிறது. "நூறு சுற்றுக்குப் பிறகும் அப்படியே" என்ற வாக்கியம் அந்தச் செலவைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை.

அடுத்து காற்று. இப்போது காற்றில் பத்து லட்சம் பங்குக்கு சுமார் 420 பங்குதான் கரியமில வாயு. ஒரு கன மீட்டர் காற்றில் முக்கால் கிராம். வருவதில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்தால்கூட ஒரு டன்னுக்கு 20 லட்சம் கன மீட்டர் காற்றைத் தள்ளியாக வேண்டும். அவ்வளவு காற்றையும் 100 பாஸ்கல் தடையைத் தாண்டித் தள்ள, 60 சதவீதத் திறனுள்ள விசிறிக்கு 90 யூனிட் மின்சாரம் போகும். தடை 1,000 பாஸ்கல் ஆனால் 900 யூனிட். பொடியை ஒரு குழாயில் நெருக்கி அடைத்தால் தடை எகிறும். அதனால் அதை உருண்டையாகப் பிடிக்கணும், இல்லையென்றால் தேன்கூடு மாதிரி ஒரு கட்டியின் சுவரில் மெல்லிசாகப் பூசணும். பூசினால் பசை வேணும், தாங்கும் கட்டி வேணும். ஒவ்வொரு சுற்றிலும் பொடியோடு சேர்த்து அந்தக் கட்டியையும் சூடாக்கி ஆற வைக்கணும். "கிராமுக்கு இவ்வளவு" என்ற கணக்கில் கட்டியின் கிராம் வராது.

பெரிய வில்லன் தண்ணீர். 25 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில், காற்றில் இருக்கும் நீராவி கரியமில வாயுவைப் போல 37 மடங்கு. வெக்கையான கடலோர ஊரில் 70 மடங்கைத் தாண்டும். ஈரம் இருந்தால் பொடி இன்னும் நன்றாகப் பிடிக்கிறது என்பதைக் கட்டுரை வெற்றியாகச் சொல்கிறது, அது சரிதான். ஆனால் அந்தத் தண்ணீரும் துளைக்குள் ஏறி உட்கார்கிறது, சூடாக்கும்போது அதையும் விரட்டணும். பொதுவாக இந்த வகை அமீன் பொருட்களில் ஒரு மோல் வாயுவை விடுவிக்க சுமார் 70 கிலோஜூல் வெப்பம் வேண்டும், தண்ணீருக்கு மோலுக்கு 45. ஒரு வாயு மூலக்கூறோடு மூன்று தண்ணீர் மூலக்கூறு சேர்ந்து வந்தால், இந்த வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரைத் துரத்தவே போய்விடும். 60 டிகிரி என்பது எவ்வளவு சூடு என்று சொல்கிறது, எவ்வளவு வெப்பம் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்று இல்லை.

இந்தத் துறையின் கட்டுரைகளில் பொதுவாக இன்னொரு வழக்கம் உண்டு. பிடித்த வாயுவை வெளியேற்ற நைட்ரஜனை ஊதுவார்கள். எடை குறைகிறது, வரைபடம் அழகாக வருகிறது. ஆனால் கையில் கிடைப்பது கரியமில வாயு இல்லை, நைட்ரஜனில் கலந்த கரியமில வாயு. அதை மறுபடி பிரிக்க வேண்டும். ஆலையில் வெற்றிடமோ நீராவியோதான் வைக்க முடியும், அங்கே பொடி எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கேள்வி.

ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க ஐஸ்லாந்து போகலாம். கிளைம்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஓர்கா ஆலை 2021 செப்டம்பரில் அங்கே திறக்கப்பட்டது, வருஷத்துக்கு 4,000 டன் என்று. 2024 மேயில் மேமத், 36,000 டன் என்று. புவிவெப்பம் பக்கத்திலேயே, பாறைக்குள் வாயுவைப் புதைக்கும் வசதியும் பக்கத்திலேயே. இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனாலும் 2025 மேயில் ஹெய்மில்டின் என்ற ஐஸ்லாந்துப் பத்திரிகை வெளியிட்ட கணக்குப்படி, மேமத் முதல் பத்து மாதத்தில் பிடித்தது 105 டன். ஓர்கா எந்த வருஷமும் ஆயிரம் டன்னைத் தொடவில்லை. மேமத் திறக்கப்பட்டபோது 72 பெட்டிகளில் 12தான் பொருத்தப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்காகக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி சின்னது இல்லை.

இதெல்லாம் ஏன் முக்கியம்? இன்னும் பிடிக்காத டன்களை முன்கூட்டியே விற்கிறார்கள். வாங்குகிற நிறுவனம் அதைக் காட்டித் தன் புகையைக் கழித்துக்கொள்கிறது. டன் வராமல் போனால் புகை மட்டும் நிஜம். "ஒரு மரத்துக்குச் சமம்" மாதிரியான வரிகள்தான் அந்த நம்பிக்கைக்கு உரம் போடுகின்றன. மரத்துக்கு விசிறி வேண்டாம், நாளைக்கு மூன்று தடவை சூடாக்கவும் வேண்டாம்.

அடுத்த அதிசயப் பொடி செய்தியில் வரும்போது நான் நாலு விஷயம் தேடுவேன். எத்தனை சுற்று? எந்த ஈரப்பதத்தில், எவ்வளவு தண்ணீர் கூட வந்தது? எதை வைத்து வாயுவை வெளியே எடுத்தார்கள்? பொடியாகவா, பூச்சாகவா? சிஓஎஃப்-999 முதல் கேள்விக்குப் பாதி பதில் சொல்கிறது. அந்தப் பாதியே இந்தத் துறையில் பலர் சொல்வதைவிட அதிகம். மீதிப் பதிலையும் அதே குழு 1,100 சுற்று ஓட்டிவிட்டுச் சொன்னால், மரத்தின் பேரை எடுக்காமலேயே நான் கைதட்டுவேன்.