திறந்த கதவும் பூட்டிய எழுத்தும்

சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் கொட்டச்சேடு என்ற ஊர் இருக்கிறது. காப்பித் தோட்டங்கள், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள், அம்மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் கருஞ்சாயல் படிந்த கெட்டியான பாறை. அவ்வூர் மாணவர் ஒருவர் எங்கள் கல்லூரியில் இயற்பியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு பயில்கிறார். பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழில் முடித்தவர். விடுமுறையில் நான் அவ்வூர்ப் பக்கம் சென்றிருந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"சார், எங்க ஊர்ப் பாறையைப் பத்தி யாராவது ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா? அதைப் படிக்க முடியுமா?"

ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். படிக்க முடியுமா என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் விடை எளிதாக இல்லை. சாலை வளைவு ஒன்றில், கைப்பேசிக்கு அலை கிடைக்கும் இடத்தில், இருவரும் உட்கார்ந்து தேடினோம். அன்று கண்டதை உங்கள் முன் வைத்து, தமிழில் ஆய்விதழ்கள் இன்று இருக்கும் நிலையைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே பேச விரும்புகிறேன்.

அப்பாறையின் பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் ஆங்கிலேயரின் குடியிருப்பை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அது சென்னைப் பகுதிப் பாறை என்று கண்டு, 1893-ஆம் ஆண்டு அதற்கு அவர் பெயரையே சூட்டியவர் தாமஸ் ஹாலண்டு என்ற நிலவியலார். தென்னிந்தியாவின் சார்னோகைட் பாறைகளைப் பற்றி அவர் எழுதிய விரிவான ஆய்வு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் நினைவேடுகளில் 1900-ஆம் ஆண்டு வெளிவந்தது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டபடியால் அதைக் காசின்றிப் படிக்கலாம். கைப்பேசியில் அது வந்துவிட்டது. அடுத்துக் கிடைத்தது அண்மைக் காலக் கட்டுரை ஒன்று. தலைப்பும் சுருக்கமும் தெரிந்தன. முழுக் கட்டுரைக்கு நாற்பது டாலர் கேட்டார்கள். ஆக, அவ்வூர் மாணவர் தம் காலடியில் உள்ள பாறையைப் பற்றி 1900-ஆம் ஆண்டு வரை இலவசமாக அறியலாம். அதற்குப் பிறகு அறிய வேண்டுமானால் அவர் வீட்டார் சில நாள் தோட்டக் கூலியை எடுத்து வைக்க வேண்டும்.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது. அது சார்னோகைட் பற்றித் தமிழிலேயே எழுதப்பட்ட பன்னிரண்டு பக்கக் கட்டுரை. கருத்தரங்கு ஒன்றின் சார்பில் வந்த ஆய்விதழில் இருந்தது. காசு கேட்கவில்லை, கதவு திறந்தே கிடந்தது. ஆனால் அதைத் தேடுபொறி எங்களுக்குக் கண்டுபிடித்துத் தரவில்லை. அது இருப்பது நண்பர் ஒருவர் சொல்லி எனக்கு முன்பே தெரியும்; அதனால்தான் கிடைத்தது. கட்டுரையின் ஒரு வரியை நகலெடுத்துத் தேடுபொறியில் இட்டுப் பார்த்தேன். வந்து விழுந்தவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள்.

இது ஏன் நேர்கிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், தமிழுக்கெனத் தனி எண்கள் எல்லாக் கணிப்பொறிகளிலும் பழக்கத்துக்கு வராத காலத்தில், நம்மவர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, திரையில் தெரியும் உருவத்தை மட்டும் தமிழாக மாற்றினார்கள். பாமினி என்ற எழுத்துரு இவ்வகையில் புகழ் பெற்றது. அதில் 'அம்மா' என்று அடித்தால் உங்கள் கண்ணுக்கு அம்மா தெரிவாள். கணிப்பொறியின் நினைவிலோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளே இருக்கும். அதாவது தமிழ் என்பது ஒரு முகமூடி. முகமூடியை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது வெறும் ஆங்கிலக் கீறல்.

ஒருங்குறி எனப்படும் யூனிகோடு இக்குறையைத் தீர்த்தது. அதில் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண்கள் உண்டு. 1991-ஆம் ஆண்டு வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 'அ' என்ற எழுத்தின் எண் 2949. தமிழக அரசும் 2010-ஆம் ஆண்டு, கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, ஒருங்குறியைத் தன் அதிகாரமுறைத் தரமாக ஏற்றது. இவ்வளவுக்கும் பிறகு, தமிழில் வரும் ஆய்விதழ்கள் பல இன்னும் முகமூடி எழுத்திலேயே அச்சாகி, அப்படியே இணையத்தில் ஏற்றப்படுகின்றன. வேறு சில, அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்து ஏற்றப்பட்டவை. படத்தில் உள்ள எழுத்தைக் கணிப்பொறி படிக்கும் கலை இப்போது தமிழுக்கும் வளர்ந்திருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் அறிவியல் கட்டுரையில் குறியீடு, கீழெண், அலகு எல்லாம் கலந்து வரும்போது அது தடுமாறுகிறது. மூல எழுத்தையே ஒழுங்காக வைத்திருந்தால் இந்தச் சுற்று வழி எதற்கு?

இணையத்தில் வைத்தாயிற்று, காசும் கேட்கவில்லை, ஆகவே இது திறந்த அணுக்கம் என்று இதழாசிரியர்கள் பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். அப்பெருமையை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. 2002-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த புடாபெஸ்ட் அறிக்கைதான் திறந்த அணுக்கம் என்ற கருத்துக்கு வடிவம் தந்தது. ஆய்வுக் கட்டுரையைப் படிக்கவும், நகலெடுக்கவும், பகிரவும், அதற்குள் தேடவும், கணிப்பொறி மென்பொருளுக்குத் தரவாகக் கொடுக்கவும் தடை இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். தேட முடியாத கட்டுரை இந்த அளவுகோலில் பாதிக் கிணறு தாண்டியது போலத்தான்.

இயற்பியல் படிக்கும் உங்களுக்கு இத்துறையில் ஒரு பெருமை உண்டு. திறந்த அணுக்கம் என்ற சொல் வழக்குக்கு வருவதற்கு முன்பே, 1991-ஆம் ஆண்டு, பால் கின்ஸ்பார்க் என்ற அமெரிக்க இயற்பியலார் தம் துறைக் கட்டுரைகளை அச்சுக்கு முன்பே எவரும் படிக்கும்படி ஒரு கணிப்பொறிக் களஞ்சியம் தொடங்கினார். அர்க்கைவ் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. நம் நாட்டிலும் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதமி (சர் சி. வி. ராமன் 1934-இல் நிறுவியது) தன் ஆய்விதழ்களைத் தன் தளத்தில் காசின்றிப் படிக்க வைத்திருக்கிறது. 1973 முதல் வரும் 'பிரமாணா' என்ற இயற்பியல் இதழும் அவற்றுள் ஒன்று. சென்னையிலிருந்து சுப்பையா அருணாசலம் போன்றோர் இக்கொள்கையைப் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தினார்கள். ஆக, ஆங்கிலத்தில் எழுதும் இந்திய விஞ்ஞானிக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஆராய்ச்சி எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும்போது தமிழில் ஆய்விதழ் எதற்கு? நான் இதை அசட்டையாகத் தள்ளிவிட மாட்டேன். துகள் இயற்பியலில் புதிதாக ஒன்றைக் கண்டவர் அதைத் தமிழில் மட்டும் வெளியிட்டால் அது கிணற்றில் போட்ட கல். 1928-இல் ராமன்கூடத் தம் கண்டுபிடிப்பைக் கல்கத்தாவிலிருந்து வந்த இந்திய இயற்பியல் இதழில் வெளியிட்டார். இதழ்தான் இந்திய இதழ், மொழி ஆங்கிலம். ஆனால் எல்லா ஆராய்ச்சியும் அவ்வகை அல்ல. சேர்வராயன் மலையின் ஊற்று நீரில் என்ன கரைந்திருக்கிறது, காப்பிச் செடியைத் துளைக்கும் வண்டு எந்த மாதத்தில் பெருகுகிறது, தமிழ்வழி மாணவர் மின்னோட்டத்தை எப்படித் தவறாகப் புரிந்துகொள்கிறார் என்பன போன்ற ஆய்வுகளுக்கு முதல் வாசகர் யார்? தோட்டக்காரரும் பள்ளி ஆசிரியரும் ஊராட்சிக்காரரும் அல்லவா? அவர்கள் நிலத்திலிருந்து மாதிரியை எடுத்துச் சென்று, முடிவை அவர்கள் படிக்க முடியாத மொழியில், அவர்கள் வாங்க முடியாத விலையில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சிறு மொழியினர் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். குரோவாசியா நாட்டின் மக்கள் தொகை 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 39 லட்சம். நம் சேலம் மாவட்டத்தின் தொகை 2011-லேயே ஏறத்தாழ 35 லட்சம். அதாவது அந்த நாடு முழுவதும் ஏறக்குறைய நம் மாவட்டத்தளவே. அங்கே சாகிரெப் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி மையம் 2006-ஆம் ஆண்டு ஒரு பொதுத் தளம் தொடங்கியது. அதன் பெயர் 'ஹிர்ச்சாக்'. அவர்கள் மொழியில் வெள்ளெலி போன்ற சிறு பிராணி ஒன்றின் பெயர் அது. தானியத்தைக் கன்னத்தில் அடக்கிச் சேமிக்கும் பிராணி. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது! இன்று 500-க்கும் மேற்பட்ட ஆய்விதழ்கள் அந்த ஒரே தளத்தில் இருக்கின்றன. ஒவ்வோர் இதழும் தனித்தனியே கணிப்பொறி வாங்கி, தளம் அமைத்து, இரண்டாண்டில் கைவிட வேண்டியதில்லை. பராமரிப்பு மையத்தின் பொறுப்பு. கட்டுரையின் தரம் இதழாசிரியரின் பொறுப்பு. நம் பக்கத்து இலங்கையிலும் 2008 முதல் அந்நாட்டு ஆய்விதழ்களுக்கென இப்படி ஒரு பொதுத் தளம் இயங்குகிறது.

நம்மிடம் பணம் இல்லை என்று சொல்ல வேண்டாம். 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்கள் படிப்பதற்காக, 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். இத்திட்டத்தை நான் குறை கூறவில்லை. அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஆனால் இது கதவைத் திறப்பதன்று. கதவுக்காரனுக்கு ஆண்டுதோறும் வாடகை கொடுப்பது. சந்தா நின்றால் கதவும் மூடும். படிப்பவரிடம் வாங்காமல் எழுதுபவரிடம் வாங்கும் முறையும் வேறு நாடுகளில் பரவியிருக்கிறது. 'நேச்சர்' இதழ் 2021 முதல் ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ என்று விலை அறிவித்தது. நம் மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல்.

இதற்குப் பக்கத்தில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும், அது எந்தத் தளத்துக்கு மாறினாலும் மாறாத அடையாள எண் ஒன்றைப் பதிந்து தரும் அமைப்பு உண்டு. பதிவுக்கு ஏறத்தாழ ஒரு டாலர். உறுப்பினர் கட்டணம் தனி. தமிழில் நூறு ஆய்விதழ்கள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு நாற்பது கட்டுரை வெளியிடுகிறது என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 4,000 கட்டுரை, 4,000 டாலர், சுமார் மூன்றரை லட்சம் ரூபாய். சந்தாத் திட்டத்தின் ஓராண்டுச் செலவான 2,000 கோடியில் இது ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதழ் நடத்துவதற்கான மென்பொருளோ கனடாவில் உருவாகி இலவசமாகவே கிடைக்கிறது.

எனவே குறை பணத்தில் மட்டும் இல்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கப்பட்டதால், படிப்பதற்காக அன்றி எண்ணுவதற்காகவே இதழ்கள் முளைத்தன. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே நாளில் நீக்கியதிலிருந்தே நோயின் அளவு விளங்கும். பின்னர் வந்த 'கேர்' பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. தரத்தை அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கே ஒருமுறை, ஆயிரத்தைந்நூறு ரூபாய் அனுப்பினால் மூன்று நாளில் கட்டுரை அச்சாகும் என்று கடிதம் வந்தது. மூன்று நாளில் எந்த அறிஞர் படித்துத் திருத்துவார்? எண்ணுவதற்காக வரும் இதழில் எழுத்து ஒருங்குறியில் இருக்கிறதா, கட்டுரை பத்தாண்டு கழித்துக் கிடைக்குமா என்று எவரும் கவலைப்படுவதில்லை. பதவி உயர்வு ஆணை வந்ததும் அக்கட்டுரையின் வேலை முடிந்துவிடுகிறது.

கவலைப்பட்டவர்களும் தமிழில் உண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் கல்லூரிக்கு வெளியே இருந்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கல்யாணசுந்தரம் என்ற வேதியியலார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைக் கையால் தட்டச்சு செய்து, எழுத்துக் குறியீடு மாறியபோது அவற்றையும் மாற்றிக் காப்பாற்றினார்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலானதைக் கண்ட சமூகத்திலிருந்து, 2005-இல் 'நூலகம்' என்ற இணையத் திட்டம் பிறந்தது. ஈழத்து இதழ்களையும் நூல்களையும் அது தேடித் தேடிப் படமெடுத்து வைக்கிறது. இழந்தவர்களுக்குச் சேமிப்பின் அருமை தெரிந்திருக்கிறது. சம்பளமின்றி அவர்கள் செய்ததைச் சம்பளம் வாங்கும் நாங்கள் ஏன் எங்கள் கட்டுரைகளுக்குச் செய்யவில்லை என்று கேட்டால், எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். என் முதல் தமிழ்க் கட்டுரையும் முகமூடி எழுத்தில்தான் அச்சாயிற்று.

கொட்டச்சேட்டு மாணவர் அன்று அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தார். தம் ஊர்ப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது என்ற இடத்தில் நிறுத்தி, காலால் தரையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு அவரும் அவர் தோழர் இருவரும் அதை ஒருங்குறியில் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள். எழுத்துருவை மாற்றித் தரும் மென்பொருளில் இட்டபோது சமன்பாடுகளெல்லாம் சிதைந்துபோனதால், அந்தப் பகுதியைக் கையால் செய்ய வேண்டியதாயிற்று. நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கட்டுரையாளரின் இசைவைப் பெறத் தொலைபேசியில் அழைத்தேன். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டவர், அந்த இதழின் தளம் போன மாதம் முதல் திறப்பதில்லை, தம்மிடமும் பிரதி இல்லை, தட்டச்சு முடிந்ததும் தமக்கும் ஒன்று அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.