ஜெபர்சனின் ‘வாழ்வோர்’: கொள்கையும் வாழ்க்கையும்

அறநூல் செய்தான் ஒருவனுடைய வாழ்க்கையை அவன் நூலோடு வைத்து ஆராயப் புகுவோர் இருவகையாக இடறுவர். ஒரு சாரார் வாழ்க்கையிற் கண்ட குறையைக் கொண்டு நூலைத் தள்ளுவர். மற்றொரு சாரார் நூலின் பெருமையைக் கொண்டு வாழ்க்கையை மறைப்பர். அமெரிக்க நாட்டை நிறுவிய தலைவர்களுள் ஒருவரும், 1776-ஆம் ஆண்டின் விடுதலை அறிக்கையை வரைந்தவருமாகிய தாமஸ் ஜெபர்சனைப் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலம் இவ்விரு வழிகளிலேயே நடந்துவந்துள்ளது. மாந்தர் யாவரும் நிகர் என்று எழுதிய அவர், தம் வாழ்நாளில் அறுநூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளை உடையராய் இருந்தார். இவ்வுண்மை யாவரும் அறிந்ததே.

நன்னூலார் எண்ணிய பத்துக் குற்றங்களுள் ‘மாறுகொளக் கூறல்’ என்பது ஒன்று. ஜெபர்சன்மேல் ஏற்றப்படும் குற்றமும் ஏறத்தாழ இதுவே: சொல் ஒன்று, செயல் வேறு என்பர். இம்முடிபு பொய்யன்று, ஆயினும் நிறைவுடையதன்று என்பது எம் கருத்து. முரண் சொல்லுக்கும் செயலுக்கும் இடையே மட்டும் நிற்கவில்லை. சொல்லின் உள்ளேயே அஃது இருந்தது. அதனை அவர்தம் கடிதம் ஒன்றைக் கொண்டு ஈண்டு விளக்க முயல்கின்றோம்.

1789-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், பாரிஸ் நகரில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெபர்சன், தம் நண்பர் ஜேம்ஸ் மாடிசனுக்கு ஒரு கடிதம் வரைந்தார். உலகின் பயன் அவ்வக் காலத்து உயிர் வாழ்வோர்க்கே உரியது. இறந்தார்க்கு அதன்மேல் ஆட்சி இல்லை. ஆதலின் ஒரு தலைமுறையினர் தம் கடனையும் சட்டத்தையும் அடுத்த தலைமுறையினர்மேல் சுமத்தலாகாது என்பது அதன் சாரம். பிரெஞ்சு அறிஞர் புஃபோனின் இறப்புக் கணக்குகளைக் கொண்டு, ஒரு தலைமுறையின் ஆட்சிக்காலம் 19 ஆண்டுகள் என்றும் அவர் வரையறுத்தார். மாடிசன் இதனை முழுதும் ஏற்றிலர். வருங்காலத்தார்க்கும் பயன்படும் பணிகளுக்காகப் பெற்ற கடனை அவர்களும் தாங்குதல் முறையே என்று 1790-இல் மறுமொழி எழுதினார்.

அக்கடிதம் நாட்டுக் கடனைப் பற்றியது. தனிமனிதர் கடனைக் கொண்டு அதனை அளத்தல் தகுமோ எனின், தகும் என்க. ஜெபர்சன் தம் வாதத்தைத் தனிமனிதனிடமிருந்தே தொடங்குகின்றார். சட்டம் யாது கூறினும், இயற்கை உரிமையின்படி ஒருவன் தன் பின்னோரைத் தன் கடனால் பிணிக்க இயலாது என்று முதற்கண் நிறுவி, அதன்பின்னரே சமுதாயத்திற்குச் செல்கின்றார். அடிப்படையே தனிவாழ்க்கையில் இருத்தலின், அவருடைய தனிவாழ்க்கையை வினவுதல் முறையேயாகும்.

அவருடைய கடனின் வேர் 1773-ஆம் ஆண்டில் உள்ளது. அவ்வாண்டு மாமனார் ஜான் வேல்ஸ் இறந்தார். அவர் வழியே ஜெபர்சனுக்குப் பெருநிலமும் 135 அடிமைகளும் வந்தமையோடு, ஆங்கில வணிகர்க்குத் தர வேண்டிய கடனும் வந்தது. இறந்தாரின் கடன் வாழ்வோரைப் பிணிக்கும் துன்பத்தை அவர் பட்டறிந்தவர். கொள்கையின் சூட்டிற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம் எனக் கருதுகின்றோம். ஆனால், அவ்வுரிமைச் சொத்தினுள் உயிரோடு வந்த மாந்தரும் இருந்தனர் என்பதை அக்கடிதம் ஓரிடத்தும் எண்ணவில்லை.

அம்மாந்தருள் ஒருத்தி சாலி ஹெமிங்ஸ். இவர் வேல்ஸுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்தவர் என்றும், எனவே ஜெபர்சனின் மறைந்த மனைவிக்கு ஒரு தந்தை வழித் தங்கை என்றும் கொள்ளப்படுகின்றார். 1787-இல் ஜெபர்சனின் மகளோடு பாரிஸ் சென்றபோது அவருக்கு அகவை 14. பிரெஞ்சு மண்ணில் விடுதலை கோரி வழக்கிட அவருக்கு வழி இருந்தது. எனினும் 1789-இல் அவர் ஜெபர்சனோடு திரும்பினார். தம் மக்கள் 21 அகவையில் விடுதலை பெறுவர் என்ற உறுதியைப் பெற்ற பின்னரே அவர் இசைந்தார் என்று, அவர் மகன் மாடிசன் ஹெமிங்ஸ் 1873-இல் வெளியான தம் வரலாற்றுக் கூற்றில் உரைத்தார். 1998-இல் நடந்த மரபணு ஆய்வு, ஹெமிங்ஸ் மரபு ஒன்றை ஜெபர்சன் குடியின் ஆண்வழியோடு இணைத்தது. அவருடைய மக்களின் தந்தை ஜெபர்சனே என்பதைப் பெரும்பாலான வரலாற்றறிஞர் இன்று ஏற்கின்றனர், சிலர் மறுக்கின்றனர்.

ஈண்டு கருதத்தக்கது காலம். பிறவாத தலைமுறையின் உரிமையைப் பற்றிய கடிதம் எழுதப்பட்ட அதே இலையுதிர் காலத்தில், பதினாறு அகவைப் பெண் ஒருத்தி தன் பிறவாத மக்களின் உரிமையைப் பேரம் பேசிப் பெறவேண்டி இருந்தது. கடிதம் எவ்வுரிமையை இயற்கை என்றதோ, அதுவே இவர்க்கு உடையவனின் வாக்குறுதியாய்ச் சுருங்கிற்று.

இக்கொள்கை பின்னர் வேறு வகையிலும் பயன்பட்டது. 1814-இல் எட்வர்ட் கோல்ஸ் என்னும் இளைஞர், அடிமை ஒழிப்புக்குத் தலைமை தாங்குமாறு ஜெபர்சனை வேண்டினார். அடிமை முறை தீது என்பதை ஒப்புக்கொண்ட அவர், அப்பணி இளையோர்க்கு உரியது, முதியோர்க்கு உரியதன்று என விடையிறுத்தார். தலைமுறைக் கொள்கை ஈண்டுத் தள்ளிவைப்பிற்குத் துணையாயிற்று. கோல்ஸோ 1819-இல் தம் அடிமைகளை இல்லினாய்க்கு அழைத்துச் சென்று விடுதலை அளித்தார். அக்காலத்தில் செய்தற்கு அரிய செயல் அன்று என்று கூறோம். செய்ய முடியாத செயல் அன்று என்றே கூறுகின்றோம்.

1826 ஜூலை 4-ஆம் நாள் ஜெபர்சன் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற கடன் 1,07,000 டாலருக்கு மேற்பட்டது. விருப்ப ஆவணத்தில் ஐவர்க்கு விடுதலை வழங்கியிருந்தார். அவருள் கொல்லர் ஜோசப் ஃபாசெட் ஒருவர். ஆனால் 1827 சனவரியில் மாண்டிசெல்லோவில் 130 அடிமைகள் ஏலத்திற்கு வந்தபோது, ஃபாசெட்டின் மனைவி ஈடித்தும் மக்களும் விற்கப்பட்டனர். பின்னர் மனைவியையும் மக்களுட் சிலரையும் அவர் மீட்டார். இறந்தார் ஒருவரின் கடனைப் பிறர் செலுத்தினர். தம் உடலாலும் குடும்பத்தாலும் செலுத்தினர். கடிதம் தடுக்க விரும்பியது எதுவோ, அதுவே நிகழ்ந்தது.

ஆதலின், ஜெபர்சன் தம் கொள்கையை மறந்தார் என்பதினும், ‘வாழ்வோர்’ என்ற சொல்லின் எல்லையை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது என்பதே பொருந்தும். மூலத்திற்கு ஆசிரியரே எழுதிய உரை அவ்வாழ்க்கை. அவ்வுரையைப் படியாமல் மூலத்தின் பொருளைத் துணிதல் ஆகாது. எனினும் உரை குறுகியமையால் மூலமும் குறுகிவிடாது. 1852-இல் அடிமைத்தளையினின்று தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ், அவ்விடுதலை அறிக்கையையே கையிற்கொண்டு அதன் நாட்டினரை வினவினார். சொல்லை முழுப்பொருளிற் கொண்டவர், அச்சொல்லின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரே ஆவர். ஜெபர்சனை ஆராய்வோர் அவ்விரு வாசிப்பையும் ஒருங்கு வைத்துக் காணுதல் வேண்டும்.