ஜாக்கியில் ஏறிய ஹெரால்டு

ஓசூர் சிப்காட்டில் லாரியும் பைக்கும் வரிசையாகப் பிறக்கின்றன. எனக்கென்னவோ, ஒரு வீட்டு முற்றத்தில் ஜாக்கியில் ஏறி நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் அழகு. 1961 முதல் சென்னையில் தயாரான கார் அது. 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு அதன் சேஸிஸ்தான் மூலம். இரண்டையும் வடிவமைத்தவர் மிக்கேலோட்டி.

பின்பக்கத்தைத் தூக்கினால் இரண்டு சக்கரங்களும் கால் மடக்குவதுபோல் உள்ளே சரியும். பயப்பட வேண்டாம், ஸ்விங் ஆக்சிலின் குணம் அது. இறக்கியபின் சில அடி உருட்டினால் நிமிர்ந்துவிடும். பயப்பட வேண்டியது ஹேண்ட் பிரேக்கை நம்புகிறவரைப் பார்த்து. அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவைதான் அந்தரத்தில் தொங்குகின்றனவே! முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுப்பதுதான் முறை. கிருஷ்ணகிரிக் கருங்கல் துண்டும் அதற்கு ஆகும். ஆனால் காரின் எடையை ஏற்க கல்லோ ஹாலோ பிளாக்கோ கூடாது, சொல்லாமல் உடையும். ஜாக்கியின் வேலை தூக்குவதோடு சரி. ஆயில் சீல் கசிந்தால் சட்டென இறங்கிவிடும். துருப்பிடிக்காத சேஸிஸ் பகுதியாகத் தட்டிப் பார்த்து, ஜாக் ஸ்டாண்டில் உட்கார வைத்து, வண்டியை லேசாக அசைத்துப் பார்த்த பிறகே அடியில் படுக்கலாம். செம்மண் தரையானால் ஸ்டாண்டுக்குக் கீழே தடித்த பலகை கட்டாயம்.