இடம் நாட்டுக்கு, ஆட்டம் ஆளுக்கு: ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒரு கூட்டல் கணக்கு

2017 டிசம்பரில் ஜப்பான் தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி முடிந்த கையோடு, பியோங்சாங் ஒலிம்பிக்குக்கான பெண்கள் ஒற்றையர் அணியை அறிவித்தார்கள். இரண்டே இடம். சடோகோ மியஹாரா, கவோரி சகமோட்டோ. அந்த இரண்டு இடங்களையும் ஜப்பானுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் மாய் மிஹாராவும் வகாபா ஹிகுச்சியும். இருவருமே பட்டியலில் இல்லை.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்தது. அதனாலேயே அந்த விதியைக் கொஞ்சம் பிரித்து மேய்ந்து பார்க்கலாம்னு தோணிச்சு. டபுள் ஆக்சலுக்கும் டிரிபிள் ஆக்சலுக்கும் வித்தியாசம் எனக்கு ஸ்லோ மோஷனில் பார்த்தால்தான் தெரியும். ஆனால் இந்த விதி நாலைந்து இஃப்-எல்ஸ் வரிகள், அவ்வளவுதான். அது நம்ம பேட்டை.

விதி இதுதான். ஒரு பிரிவில் ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூன்று பேர். எத்தனை பேர் என்பதை முந்தைய உலக சாம்பியன்ஷிப் தீர்மானிக்கும். அங்கே ஒரே ஒருவர்தான் ஆடினார் என்றால், அவர் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அடுத்த முறை மூன்று பேர். பத்துக்குள் வந்தால் இரண்டு பேர். இரண்டு அல்லது மூன்று பேர் ஆடியிருந்தால், அவர்களில் மேலே வந்த இருவரின் இடங்களைக் கூட்ட வேண்டும். 13க்குள் இருந்தால் மூன்று பேர், 28க்குள் இருந்தால் இரண்டு பேர். அதற்கும் மேலே போனால் ஒன்றுதான். ஷார்ட் புரோகிராமில் முதல் 24 பேருக்குள் வராமல் வெளியேறியவருக்கு 18 புள்ளி. ஒலிம்பிக்குக்கு முந்தைய வருட சாம்பியன்ஷிப் என்றால் ஒலிம்பிக் இடங்களையும் அதுவே முடிவு செய்யும்.

28 என்பது யோசித்து வைத்த எண். 10 கூட்டல் 18. தனியாக வந்து பத்தாவதாக முடித்தவரும், கூட ஒருவரைக் கூட்டி வந்து அவர் முதல் சுற்றிலேயே வெளியேறினாலும், இரண்டு நாட்டுக்கும் ஒரே பலன். அழகு. ஆனால் 13 அப்படிப் பொருந்தவில்லை. தனி ஆளாகப் போய் வெள்ளி வாங்கினால் மூன்று இடம். இருவர் போய் ஒருவர் உலக சாம்பியனே ஆனாலும், இன்னொருவர் 13வது வந்தால் தொகை 14, இரண்டு இடம்தான். இரண்டாவது ஆளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் மூன்று!

இப்போது ஜப்பானுக்கு வருவோம். 2017 உலக சாம்பியன்ஷிப் ஹெல்சின்கியில் நடந்தது. மியஹாரா இடுப்புக் காயத்தால் வரவில்லை. மிஹாரா ஷார்ட் புரோகிராமில் 15வது இடத்துக்குச் சறுக்கி, ஃப்ரீ ஸ்கேட்டில் எழுந்து வந்து மொத்தத்தில் 5வதாக முடித்தார். ஹிகுச்சி 11. மூன்றாவதாகப் போன ரிகா ஹோங்கோ 16. கூட்டுத்தொகை 5+11, பதினாறு. மூன்று புள்ளியில் மூன்றாவது இடம் போயிற்று.

ஒரே ஒரு போட்டியை வைத்து முடிவு செய்வதுதான் தப்பு, இரண்டு வருடச் சராசரி எடுக்கலாமே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. போட்டுப் பார்த்தேன். 2016 பாஸ்டனில் மியஹாரா 5, மாவோ அசாதா 7, தொகை 12. இரண்டு வருடச் சராசரி 14. அப்பவும் தப்பாது.

சரி, இடத்தைச் சம்பாதித்தவருக்கே அதைக் கொடுத்துவிட்டால்? அதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காயம்பட்டுக் கிடந்த காரணத்துக்காக ஜப்பானின் தேசிய சாம்பியன் மியஹாராவுக்குக் கதவைச் சாத்துவதா? சகமோட்டோ 2017 மார்ச்சில் ஜூனியர் உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கிக்கொண்டிருந்த பெண். ஒன்பது மாதத்தில் தேசிய அளவில் இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். பியோங்சாங்கில் மியஹாரா 4வது, சகமோட்டோ 6வது. தேர்வு தப்பு என்று யார் சொல்ல முடியும்? இந்த விளையாட்டில் பத்து மாதம் ரொம்ப நீளம். (அந்த தேசியப் போட்டியில் மூன்றாவதாக வந்த ரிகா கிஹிராவுக்கு ஒலிம்பிக் வயதுவரம்புக்கு மூன்று வாரம் குறைந்தது. அது தனிக் கதை.)

ஹிகுச்சியின் கதை இன்னும் முடியவில்லை. ஒலிம்பிக்குக்குப் போகாதவரை 2018 மார்ச்சில் மிலான் உலக சாம்பியன்ஷிப்புக்கு அனுப்பினார்கள். வெள்ளி வாங்கினார். மியஹாரா வெண்கலம். 2+3, ஐந்து, 2019க்கு ஜப்பானுக்கு மூன்று இடம். 2019 சைதாமாவில், சொந்த மண்ணில், அந்த மூன்று இடங்களில் ஆடியவர்கள் கிஹிரா, சகமோட்டோ, மியஹாரா. ஹிகுச்சி இல்லை. இரண்டாவது முறை.

கடைசியில் 2022 பெய்ஜிங்கில் அவர் ஆடினார், 5வதாக வந்தார். அந்த இடம் எப்படிக் கிடைத்தது? 2021 ஸ்டாக்ஹோமில் சகமோட்டோ 6, கிஹிரா 7. தொகை சரியாக 13. காயத்தால் கிஹிரா பெய்ஜிங் போகவில்லை.

இந்த 2021 ஸ்டாக்ஹோம்தான் என் உண்மையான புகாருக்கு இடம். ஏனென்றால் அதே போட்டியில், அதே பெண்கள் பிரிவில், அமெரிக்காவும் சரியாக 13 வாங்கியது. கேரன் சென் 4, பிரேடி டென்னல் 9. ஜப்பானுக்கு ஒலிம்பிக்கில் மூன்று இடம் நேராகக் கிடைத்தது. அமெரிக்காவுக்கு இரண்டுதான் நேராக. மூன்றாவதை ஜெர்மனியில் நடக்கும் நெபல்ஹார்ன் கோப்பையில் போய் வாங்கிக்கொள் என்றார்கள்.

காரணம், அந்த ஒலிம்பிக் சுற்றில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சேர்த்த புதிய நிபந்தனை. எத்தனை இடம் கேட்கிறாயோ அத்தனை பேர் உலக சாம்பியன்ஷிப்பின் ஃப்ரீ ஸ்கேட் வரை வந்திருக்க வேண்டும். நோக்கம் புரிகிறது. ஒரே நட்சத்திரத்தின் தோளில் ஏறி இன்னொருவர் ஒலிம்பிக் வரக் கூடாது. ஆண்கள் பிரிவில் இது நியாயமாகவே வேலை செய்தது. அமெரிக்காவின் நேதன் சென் 1, ஜேசன் பிரவுன் 7. ஆனால் மூன்றாமவர் வின்சென்ட் சோ ஷார்ட் புரோகிராமில் 25வது, ஒரே ஒரு படி கீழே. சோ நெபல்ஹார்னுக்குப் போனார், ஜெயித்தார், தான் தொலைத்த இடத்தைத் தானே மீட்டார். தென் கொரியாவுக்கும் அப்படித்தான். சா ஜுன்-ஹ்வான் 10வது வந்தார். பழைய விதிப்படி இரண்டு இடம் கையில் விழுந்திருக்கும். இப்போது இரண்டாவதை லீ சி-ஹியோங் நெபல்ஹார்னில் ஆடி வாங்க வேண்டியிருந்தது.

ஆனால் அமெரிக்கப் பெண்கள் என்ன தப்பு செய்தார்கள்? அனுப்பியதே இருவரைத்தான். இருவரும் முதல் பத்துக்குள். மூன்றாமவர் ஃப்ரீ ஸ்கேட்டுக்கு வரவில்லை, ஏனென்றால் மூன்றாமவர் என்று ஒருவரே அங்கே கிடையாது. ஏன் இருவர்? 2020 மான்ட்ரியல் போட்டி கொரோனாவால் ரத்தானதால் 2019 கணக்கே தொடர்ந்தது. 2019இல் டென்னல் 7, மரியா பெல் 9, தொகை 16. ஹெல்சின்கியில் ஜப்பானை மடக்கிய அதே பதினாறு. ஆக, 2022 ஒலிம்பிக்கின் மூன்றாவது இடத்தை மூன்று வருடப் பழைய எண் ஒன்று பின்னாலிருந்து பிடித்து இழுத்தது. எங்கள் தொழிலில் இதற்கு 'ஸ்டேல் கேஷ்' என்று பெயர். ரிவ்யூவில் யாராவது பிடித்துவிடுவார்கள்.

நிபந்தனை கேட்க வேண்டிய கேள்வி 'மூன்று பேர் ஆடினார்களா' அல்ல. 'வந்தவர்களில் யாராவது தோற்று வெளியேறினார்களா' என்பதுதான். சோ விஷயத்தில் பதில் ஆம். டென்னல், கேரன் சென் விஷயத்தில் இல்லை. ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது.

நாட்டுக்கு மூன்று என்ற உச்சவரம்பைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அது இல்லாவிட்டால் பெண்கள் பிரிவு சில வருடங்களில் ரஷ்யாவும் ஜப்பானும் ஆடும் நட்பு ஆட்டமாகிவிட்டிருக்கும். பிலிப்பைன்ஸின் மைக்கேல் கிறிஸ்டியன் மார்டினெஸ் மணிலாவில் ஷாப்பிங் மால் ரிங்க்கில் பழகியவர். நெபல்ஹார்ன் வழியாகத்தான் 2014 சோச்சிக்குப் போனார், அங்கே 19வது வந்தார். அந்தக் குளிர்கால ஒலிம்பிக்கில் அவர் நாட்டின் ஒரே வீரர். அந்தக் கதவு திறந்திருக்கணும்.

அமெரிக்காவின் அந்த மூன்றாவது இடத்தை 2021 செப்டம்பரில் 16 வயது அலிசா லியு, நெபல்ஹார்னில் முதலிடம் வந்து வாங்கினார். பெய்ஜிங்கில் அவரே ஆடவும் செய்தார். 9வது வந்து தொகையை 13இல் நிறுத்திய டென்னல் கால் காயத்தால் தேசியப் போட்டியிலிருந்தே விலகினார். மிஹாராவோ 2021 டிசம்பர் தேசியப் போட்டியில் மறுபடியும் 4வது. மூன்று பேரில் இல்லை. அடுத்த மாதம் தாலினில் நடந்த நாற்கண்ட சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கினார். அந்தப் போட்டிக்கு ஒலிம்பிக் இடக் கணக்கில் மதிப்பெண் கிடையாது.